பெரியப்பா உட்கார ஒரு தோல் சோபா

விருந்தாளி என்று ஒருவர்கூட எட்டிப் பார்க்காத எங்கள் வீட்டில் மூன்று பேர் உட்காரும் தோல் சோபா ஒன்று இருந்தது. அருப்புக்கோட்டையில் அப்பா வேலை பார்த்த மில்லில் முதலாளி அறையைப் புதுப்பித்தபோது கழித்துக் கட்டியதை, அப்பா கேட்டு வாங்கி லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் பாயில்தான் உட்காருவோம். சோபா வருகிறவர்களுக்கு என்று அம்மா சொல்லிவிட்டாள்.

பாலவனத்தம் போகிற ரோட்டில் கடைசி வீடு எங்களுடையது. சுற்றிலும் இருந்த மனைகளில் சீமைக்கருவேல்தான் குடியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்குப் பேச்சுத்துணை அந்தச் சோபாதான். அம்மா பார்க்காதபோது அதை பஸ்ஸாக்கி ஓட்டுவேன், டீச்சராகி அதற்குப் பாடம் நடத்துவேன். பதில் பேசாது என்பதைத் தவிர அதனிடம் ஒரு குறையும் இல்லை.

அப்பா திருச்சுழிப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. அம்மா வேறு ஜாதி. தாங்களாகவே முடிவு செய்து கல்யாணம் கட்டிக்கொண்டவர்கள். அன்றிலிருந்து அப்பாவின் ஆட்கள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மாவின் ஆட்களும் மிதிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு வீட்டாருக்கும் நல்ல ஒற்றுமை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அப்போது, சொந்தக்காரர்கள் எல்லாரும் தூரத்தில் இருக்கிறார்கள் என்றுதான் என்னிடம் சொல்லி வைத்திருந்தார்கள். திருச்சுழிக்கு அடிக்கடி பஸ் போவதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அப்பாவின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. கூடப்பிறந்த ஒரே தம்பியை அழைக்காமல் விட்டால் சம்பந்தி வீட்டில் கேள்வி கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வைக்க வருவதாகப் பெரியப்பா போனில் சொன்னார். போனை வைத்த பிறகும் அப்பாவின் முகத்தில் சிரிப்பு நெடுநேரம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைப்பதென்றால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, வெற்றிலை பாக்குத் தட்டோடு கொடுத்து, ஒரு வாய் காப்பியாவது குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

"அவுக வந்து ஒரு தடவ உக்காந்துட்டாப் போதும். மத்தவுக தன்னால வருவாக" என்றாள் அம்மா.

ஆனால் உட்காரும் நிலையில் சோபா இல்லை. வெயிலும் கரிசல் புழுதியும் அதைப் பாடாய்ப் படுத்தியிருந்தன. இருக்கை, வற்றிய கண்மாய் மாதிரி வெடித்துக் கிடந்தது. அம்மா பழைய பல் பிரஷ்ஷை எடுத்துத் தையல் இடுக்குகளில் இருந்த புழுதியைத் தட்டினாள். ஷாம்பு கலந்த தண்ணீரில் துணியை முக்கி, ஒட்டப் பிழிந்து துடைத்தாள். வெயில் பட்டால் மேலும் வெடிக்கும் என்று ஃபேன் காற்றில் காயவிட்டாள். துளித் துளியாகத் தேங்காய் எண்ணெய் வைத்துத் தேய்த்தும் பார்த்தாள். வெடிப்பு மறைவதாக இல்லை. கடைசியில், அப்பாவின் ஷூவுக்கு இருந்த பழுப்பு நிற பாலிஷ் டப்பாவைத் திறந்து, மொத்தத்தையும் சோபாவில் பூசிவிட்டாள். மாப்பிள்ளை கணக்காக மினுமினுத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பெரியப்பா மாதிரி கால்மேல் கால் போட்டு அதில் உட்கார்ந்து காட்டினார். எழுந்தபோது வேட்டியின் பின்பக்கம் முழுக்கப் பாலிஷ். நானும் அப்பாவும் சிரித்துவிட்டோம். அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அவுகளும் வெள்ள வேட்டிதான கட்டிட்டு வருவாக."

மூன்று பேரும் பழந்துணிகளை எடுத்துக்கொண்டு சோபாவைத் தேய்க்க ஆரம்பித்தோம். வெள்ளைத் துண்டை வைத்து அழுத்தினால் ஒரு பொட்டுகூட ஒட்டக் கூடாது, அதுவரை அம்மா விடவில்லை. மினுமினுப்பு போய் வெடிப்பெல்லாம் திரும்பி வந்தது. தெரிஞ்சாத் தெரியட்டும் என்றாள். என் சின்ன வயதிலேயே எனக்கு மிகவும் பிடித்த சாயங்காலம் அதுதான். மூன்று பேரும் சேர்ந்து வேறு எதற்காகவும் அப்படிக் காத்திருந்ததில்லை.

மறுநாள் எனக்கு வெள்ளைக் கவுன் போட்டுவிட்டாள். பெரியப்பா பைக்கில் தனியாக வந்தார். 'வாங்க மச்சான்' என்று காலையிலிருந்து சொல்லிப் பார்த்திருந்த அம்மாவுக்கு, 'வாங்க' மட்டும்தான் வாயில் வந்தது.

"உள்ள வாங்கண்ணே, உக்காருங்க" என்றார் அப்பா.

பெரியப்பா வாசல்படிக்கு வெளியே நின்றபடி சோபாவைப் பார்த்தார்.

"இருக்கட்டும்ப்பா. சோபால்லாம் நமக்குப் பழக்கமில்ல. வேட்டி அழுக்காயிரும். இன்னும் நாலு வீடு கெடக்கு."

நின்றவாக்கிலேயே பத்திரிகையை அப்பாவின் கையில் கொடுத்தார். அம்மா காப்பியை நீட்டினாள். இப்பத்தான் குடிச்சேன் என்று சொல்லிவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாலிஷ் விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது? ஓடிப்போய்ச் சோபாவில் உட்கார்ந்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நன்றாகத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தேன். வெளியே வந்தபோது அவர் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். முன்னால் போய்த் திரும்பி நின்று, கவுனின் பின்பக்கத்தை விரித்துக் காட்டினேன்.

"பாருங்க பெரியப்பா, ஒட்டவே இல்ல. நீங்க உக்காரலாம்."

அவர் கவுனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அச்சாக அப்பாவின் முகம். என் தலையை நோக்கி வந்த கை பாதியிலேயே திரும்பி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டது.

"வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்கு வருத்தமாக இருந்தது. உள்ளே வந்தேன். அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா ஆறிப்போன காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவள் அதில் உட்கார்ந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"சுத்தமாத்தானம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"சுத்தமாத்தான் இருக்கு பாப்பா."

அவள் குரல் சரியில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அடுத்த தடவை அவர் வருவதற்குள் இன்னும் நன்றாகத் துடைத்துவிடலாம் என்று அவளைத் தேற்றினேன்.