அணையாத திரை

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு சனிக்கிழமை. துடியலூரில் எங்கள் வாடகை வீடு. என் கணவர் மினி லாரி ஓட்டுகிறார். கோத்தகிரியில் கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவார். நான் ஒரு பம்ப் கம்பெனியில் புகார் போன்களை எடுக்கிறவள். பகலெல்லாம் ஊரார் திட்டைக் கேட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் ஆன்லைனில் மொபைல் கேம் செய்யக் கற்றுக்கொண்டிருந்தேன். பாதிப் பாடம் பஸ்ஸில், மீதி குக்கர் விசிலுக்கு நடுவில். நாற்பது வயதில் உனக்கு விளையாட்டு கேட்கிறதா என்று என் தங்கை கிண்டலடித்தாள். அதற்காகவே விடக்கூடாது என்று எனக்கு வீம்பு.

அன்று மதியம் மூன்று மணிக்கு, நான் செய்த கேமை வகுப்பில் எல்லோருக்கும் ஓட்டிக் காட்ட வேண்டும். மலைப்பாதையில் லாரியைக் கவிழாமல் இறக்குகிற ஆட்டம். பழைய போனிலும் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் பழைய போன் என்றால் அவருடையதுதான். காலையில் அவர் இட்லி சாப்பிட்ட பத்து நிமிடத்தில் அதில் ஏற்றி ஓட்டிப் பார்த்தேன்.

"நேரமாச்சு, கொண்டா அம்மணி" என்றார். அப்படியே அவர் சட்டைப் பையில் போட்டு அனுப்பிவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு அழைத்தால் சுவிட்ச் ஆஃப். மலையில் டவர் இருக்காது என்று விட்டுவிட்டேன். ஒன்றரைக்கு மண்டிக்காரர் அழைத்தார்.

"ஏனுங்க்கா, அண்ணங்கிட்ட வேற நம்பர் இருக்குதுங்களா? கோத்தகிரி ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்குதுங்க. குன்னூர் வழியா வாங்கன்னு சொல்லறதுக்குப் பத்தரையில இருந்து கூப்புடறோம், கெடைக்கவே மாட்டேங்குதுங்க."

வேறு நம்பர் ஏது? அடுத்த சில நிமிடத்தில் எங்கள் தெரு குரூப்பில் ஒரு படம் வந்தது. சேற்றில் சாய்ந்து கிடக்கும் மினி லாரி, மேலே நீலத் தார்ப்பாய். நம்பர் தெரியவில்லை. அந்த ரோட்டில் பாதி வண்டிக்கு நீலத் தார்ப்பாய்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போலீஸ் நம்பர் பிஸியாகவே இருந்தது.

மூன்று மணிக்கு, இன்று முடியாது என்று சொல்லத்தான் வகுப்பைத் திறந்தேன். நான் வாயைத் திறக்குமுன் ஆசிரியர் முந்திக்கொண்டார். "உங்க கேமை என் போன்ல போட்டுட்டு சாப்பிடப் போனேன். வந்து பாத்தா திரை அணையவே இல்ல. போன் இஸ்திரிப்பெட்டி மாதிரி கொதிக்குது. டெஸ்ட்டுக்காகப் புரோகிராம்ல போட்ட வரிய எடுக்க மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தேன். சோதிக்கும்போது நடுவில் சமையலறைக்கு ஓடிவிட்டுத் திரும்புவதற்குள் திரை அணைந்துவிடும். அந்தத் தொல்லைக்காகத் திரை அணையவே கூடாது என்று நான் எழுதிய ஒற்றை வரி அது. காலையில் கேமை மூடாமல் அவர் பையில் போட்டதும் ஞாபகம் வந்தது. பேட்டரியைக் குடித்து முடித்தது என் கேம்தான்!

போன் அணைந்ததற்குக் காரணம் தெரிந்தால் ஆறுதல் வரவேண்டும். எனக்கு வரவில்லை. அந்த வழியில் வராதே என்று மண்டியிலிருந்து மாறி மாறிக் கூப்பிட்டும் அவர் காதில் விழாமல் செய்தது நான். என் கேமில் லாரி பள்ளத்தில் விழுந்தால் 'மீண்டும் முயற்சி' என்று ஒரு பச்சைப் பொத்தான் வரும். அதன் நிறத்துக்காக இரண்டு நாள் மெனக்கெட்டிருந்தேன். லேப்டாப்பை மூடிவிட்டு வாசலில் போய் நின்றேன்.

நாலே காலுக்கு மண்டிக்காரர் மறுபடி அழைத்தார். "அக்கா, அண்ணன் பேசிட்டாருங்க. நல்லா இருக்காருங்க." அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கீழே இறங்கிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸின் முன்னால்தான் மண் சரிந்திருக்கிறது. அதன் கண்டக்டர் நனைந்தபடியே மேலே ஓடி, வளைவில் நின்று கையை ஆட்டி வண்டிகளை மறித்திருக்கிறார். அவர் நிறுத்திய மூன்றாவது வண்டி எங்களுடையது; படத்தில் சாய்ந்து கிடந்தது வேறு யாருடையதோ. மூன்று மணிக்குமேல் போலீஸ் வந்து சேரும்வரை இருவரும் அங்கேயே நின்று வண்டிகளை மறித்திருக்கிறார்கள். பிறகு டவர் கிடைக்கும் இடம் வரை கூடவே நடந்து வந்து போனும் கொடுத்திருக்கிறார். என் நம்பர் என் கணவருக்கு மனப்பாடமில்லை. கேரட் சாக்கில் அச்சடித்திருந்த மண்டி நம்பரைப் பார்த்துப் பேசினாராம்.

குன்னூர் வழியாகச் சுற்றி இறங்கி, இரவு ஒன்பது மணிக்குத் தொப்பலாக நனைந்து வீடு வந்தார். "சார்ஜ் போடாம போயிட்டேன் அம்மணி. பயந்துபோட்டயா? தப்பு என்னுதுதான்" என்றார்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், மறைக்கவில்லை. "இல்லீங்க, தப்பு என்னுதுங்க" என்று முழுவதையும் சொன்னேன். தலை துவட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "பத்தரையில இருந்தா கூப்புட்டாங்க?" என்று மட்டும் கேட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் தட்டு வைக்கவில்லை.

அந்தக் கண்டக்டர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு மூன்று கேம் செய்துவிட்டேன். ஒவ்வொன்றையும் வெளியே அனுப்புமுன், அது போய்ச் சேரும் போனுக்கு யாரோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அழைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.