கொடைக்கானலில் ஒரு போத்தல் சிலோன் சாஸ்

இங்கே அமெரிக்க மிஷன் துரையே அடுப்பு ஊதுகிறார். வீட்டுக்குப் பின்னால் யூகலிப்டஸ் மரத்தடியில், பாதியாக அறுத்த இரும்புப் பீப்பாயில் கரியைக் கொட்டி, முழங்காலில் நின்றுகொண்டு அட்டையால் விசிறுகிறார். புருவமெல்லாம் சாம்பல். துரைசாணி நாற்காலியில் சாய்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறார். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் இருக்கும் நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். நம் தோட்டத்துத் துரை தன் தொப்பியைக்கூடத் தானே எடுத்து மாட்டியதில்லை. இறைச்சியை வெட்டவெளியில் கரியில் சுடுவது அமெரிக்காவில் ஆண்பிள்ளை வேலையாம். ‘பார்பிக்யூ’ என்கிறார்கள். முதல் தடவை நான் ஓடிப்போய் அட்டையை வாங்கப் பார்த்தேன். துரை கொடுக்கவில்லை.

சிலோனில் கப்பல் ஏறும்போது சொந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சொந்த நாட்டில் என் பெயர் சிலோன்காரி. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. லயத்து வரிசை வீட்டிலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்ப் படித்துப் பரீட்சை தேறினேன். அந்தச் சான்றிதழ் இங்கே செல்லாது என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது. மிஷன் பங்களாவில் துணி மடிக்கும் வேலை கிடைத்தது. வேலைக்காரர் பிள்ளைகளுக்கு மிஷன் ஒரு வகுப்பு தொடங்கப்போவதாகக் கேள்விப்பட்டு, அதற்கு என்னை ஆசிரியையாக வைக்கச் சொல்லித் துரைசாணியிடம் கேட்டேன். நான் ஆங்கிலத்தில் கேட்பேன், அவர் தமிழில் பதில் சொல்வார். வேதாகமத்திலிருந்து கற்ற தமிழ்.

“கலங்காதிரும். சனிக்கிழமை விருந்துக்குக் கமிட்டியார் வருவார்கள். உம்மைக் குறித்து நான் அவர்களிடத்தில் பேசுவேன்” என்றார்.

அந்த விருந்துக்குத்தான் பன்றியின் விலா எலும்பு. அதன்மேல் பூசுகிற சாஸ் அமெரிக்காவிலிருந்து பார்சலில் வரும். போத்தல் காலியாகிவிட்டது. சமையற்காரி மரியக்கா இந்த மலையிலேயே பூண்டி ஊர்க்காரர். தக்காளியும் மிளகாயும் போட்டு ஒன்று கிண்டினார். துரைசாணி ருசித்துவிட்டு, “இது நல்ல சட்னி” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “உம்முடைய தேசத்தில் பன்றிக்கு என்ன சேர்ப்பார்கள்?” என்று கேட்டார்.

என்னுடைய தேசம் எது என்று நான் கேட்கவில்லை. கொறக்காய் என்றேன்.

பன்றிக் கறிக்குக் கொறக்காய் இல்லாமல் நம் லயத்தில் யார் அடுப்பு மூட்டுவார்கள்? அடுப்புக்கு மேலே தொங்கும் அந்தக் கறுத்த புளிப்புத் தோலை நினைத்துக்கொண்டு பஜாருக்குப் போனேன். பலசரக்குக் கடை பாய்க்குப் பெயர் புரியவில்லை. கறுப்பாய் இருக்கும், புகை வாசம் அடிக்கும், புளிக்கும் என்றேன்.

“அட, கொடம்புளி! மலையாளத்து ஆளுக வாங்குவாக. மூடையில கெடக்கு. மீனுக்கா தங்கச்சி?”

பன்றிக்கு என்று பாயிடம் எப்படிச் சொல்வது? சில்லறையை எண்ணத் தொடங்கினேன்.

“சரி, சரி. தொரைசாணி வீட்டுச் சாமான்னா எதுக்குன்னு கேக்கப்படாது. நானும் கேக்கல, நீயும் சொல்லல” என்று சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டினார்.

மோந்து பார்த்தேன். அதே வாசம். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

சனிக்கிழமை வெள்ளனே போய் அதை வெந்நீரில் ஊறவைத்தேன். அம்மியில் பூண்டு, வறுத்த மிளகு, வற்றல் மிளகாய்.

“படிச்ச புள்ளைக்கு அம்மி வசப்பட்டுருச்சே!” என்றார் மரியக்கா. “வாத்திச்சி சோலி கெடைக்கலேன்னாலும் பொழச்சுக்குவ. வெரசா அரைடி, தொரை பீப்பாயை உருட்டிட்டாரு.”

பாதி விழுதை உப்போடு சேர்த்து எலும்பில் தேய்த்து வைத்துவிட்டேன். நம் வழக்கம் அதுதானே, ஊறாத கறியை யாரும் நெருப்பில் போடுவதில்லையே. மீதியில் வேகவைத்து வடிகட்டிய தக்காளியும், பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போடும் நாட்டுச்சர்க்கரையும், வினிகரும் சேர்த்துக் கொதிக்கவைத்தேன். உள்ளே வந்த துரைசாணி கறுத்த எலும்புகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

“ஐயோ, என்ன செய்தீர்! இறைச்சி வெந்தபின் கடைசியிலல்லவா பூச வேண்டும்!”

வேறு இறைச்சி வாங்க நேரமில்லை. வகுப்பு போயிற்று என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, கை கிண்டிக்கொண்டுதான் இருந்தது.

துரை அதை அப்படியே எடுத்துப்போய்ச் சுட்டார். மீதிச் சாஸைக் கடைசியில் பூசினார். வந்தவர்கள் கையால் எடுத்துக் கடித்தார்கள். நாம் சாப்பிடுவதுபோலவே விரல்களை நக்கினார்கள். துரை ஒரு எலும்பை வெள்ளையாகும்வரை கடித்து முடித்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், தன் அம்மா வீட்டுக் கொல்லையில் சுட்ட ருசி இது என்றார். துரைசாணி என் தோளைப் பிடித்துக் கமிட்டியார் முன்னால் நிறுத்தினார். சொன்னபடியே என்னைப் பற்றிப் பேசினார். நெடுநேரம் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

“சந்தோஷப்படும்! மிஷன் ஹாஸ்டல் சமையற்கட்டு இனி உம்முடையது. ஆசிரியைக்குக் கொடுப்பதைவிட அதிகம் கொடுப்பார்கள்” என்றார். அவர் கண்ணில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

“அப்படியானால் வகுப்பு?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“அதற்கு யாராகிலும் வருவார்கள். இதற்கு உம்மைப்போல் யார்?”

“தேங்க் யூ, மேடம்” என்றேன்.

பஜாருக்குக் கீழே எங்கள் அறையில் அம்மா நான் கொண்டுபோன இரண்டு எலும்பை ரொட்டியோடு சாப்பிட்டார்.

“கொறக்காய் எங்க புள்ள கெடச்சிச்சி? நம்ம தோட்டத்துக் கறி மாதிரியே இருக்கு.”

“பாய் கடையில.”

“வேலை என்னாச்சி?”

“கெடச்சிருச்சிம்மா.”

“எழுதப் படிக்கிற வேலைதானே?”

“ஆமா” என்றேன்.

திங்கட்கிழமை ஹாஸ்டல் சமையற்கட்டில் துரைசாணி ஒரு போத்தலோடு காத்திருந்தார். பழைய அமெரிக்கப் போத்தல்தான். லேபிளைச் சுரண்டிவிட்டு, மிஞ்சிய சாஸை அதில் ஊற்றியிருந்தார். ஒரு துண்டுக் காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்து, பெயர் எழுதச் சொன்னார்.

“என்ன பெயர், மேடம்?”

“சிலோன் சாஸ்.”

பூண்டு இந்த மலையில் விளைந்தது. சர்க்கரை பழனி அடிவாரத்தது. புளி மலையாளத்தது. சிலோனிலிருந்து வந்தது அதற்குள் எதுவும் இல்லை. அங்கே எந்தக் காகிதத்தில் என் பெயரை எழுதினாலும் பக்கத்தில் இந்தியா என்று எழுதினார்கள். அதையும் யோசித்தேன். பிறகு கையைச் சேலையில் துடைத்துவிட்டு எழுதினேன். சொந்த நாட்டுக்கு வந்து வேலைக்காக நான் எழுதிய முதல் எழுத்து. அச்சடித்ததுபோல அழகாக விழுந்தது. மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தேன்.