முதல் மூலையில் நின்ற மோகினி

ராணி அக்கா இறந்துபோனார் என்ற செய்தியைப் பார்த்து நானும் நஸ்ரினும் முதலில் சிரித்தோம். அன்று சனிக்கிழமை. பலாங்கொடையில் டியூஷன் வகுப்பு தொடங்க இன்னும் நேரம் இருந்தது. என் சிநேகிதி நஸ்ரின் தன் உம்மாவின் போனைக் கொண்டுவந்திருந்தாள். அதில் ராணி அக்காவின் நம்பரிலிருந்து ஒரு ஸ்டேட்டஸ். வெள்ளைச் சேலை, முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, இடுப்பில் ஒரு பொம்மைப் பிள்ளை. கீழே சிங்களத்தில், எங்கள் ராணி அக்காவின் ஆத்மா சாந்தியடையட்டும் என்று எழுதியிருந்தது.

"இவங்களுக்கு வேற வேலையே இல்ல" என்றாள் நஸ்ரின்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. கொஞ்ச நாளைக்கு முன்புதான் அக்கா அதே படத்தை அனுப்பி, "ராணி செத்துட்டா. பாடம் படிக்காத புள்ளைகள கடிக்க வருவா" என்று எழுதியிருந்தார். அதனால் இந்த முறையும் நாங்கள் சிரிக்கும் முகங்களை அனுப்பினோம். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது என் அம்மா அந்தப் போனுக்கு அழைத்தார். "நேரா வீட்டுக்கு வா. முத்தம்மா பெரியம்மா வீட்டுக்குப் போகணும்" என்றார். முத்தம்மா பெரியம்மா ராணி அக்காவின் அம்மா. நாங்கள் அனுப்பிய சிரிக்கும் முகங்கள் இன்னமும் அக்காவின் போனில் இருக்கும்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கருமாதி அன்று நம்மில் சிலர் பேசியது என் காதில் விழுந்தது. உயிரோடு இருக்கும்போதே பேய் வேஷம் கட்டினால் இப்படித்தான் ஆகும் என்றார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அக்கா இறந்தது எலிக்காய்ச்சலில். மழை விட்ட பிறகு, அக்கா பேயாக நடித்த கார்னிவலைக் கொடகவெல பக்கம் வயலோரமாகப் போட்டிருந்தார்கள். பேய் வேஷத்துக்குச் செருப்பு கிடையாது. காலில் வெட்டுக் காயத்தோடு அவர் சேற்றுத் தண்ணீரில் நடந்திருக்கிறார். சும்மா காய்ச்சல்தான் என்று பெனடோல் போட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் எலிக்காய்ச்சல் இருக்கிறது. மோகினி இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், எங்களுக்கு அடுத்த காம்பரா பெரியம்மாவுடையது. அக்கா அவருடைய ஒரே மகள். சொந்தம் என்று எதுவும் இல்லை, ஆனாலும் பிறந்ததிலிருந்து எனக்கு அவர்கள் பெரியம்மாவும் அக்காவும்தான். அக்காவால் யாரையும் நடித்துக் காட்ட முடியும். கொழுந்து நிறுக்கும் கிளாக்கர் ஐயா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "ஈரக் கொழுந்து, ஈரக் கொழுந்து" என்று முணுமுணுப்பதை அவர் செய்து காட்டினால், மலையிலிருந்து களைத்து வந்த பெண்கள் கூடையை இறக்காமலேயே நின்று சிரிப்பார்கள். ஒருமுறை அந்த ஐயாவே பின்னால் வந்து நின்றுவிட்டார். அக்கா திரும்பிப் பார்த்து, அதே குரலில், "என்னங்க ஐயா, நீங்களும் ஈரமா?" என்று கேட்டார். ஐயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எப்போதும் கையில் ஏதாவது வாசித்துக்கொண்டு திரிவதால், என்னை மட்டும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவே மாட்டார். "ஏய் புத்தகம்" என்பார்.

கார்மென்ட் வேலையை விட்டுவிட்டு அவர் கார்னிவல்காரர்களோடு சேர்ந்ததும் வீட்டில் பெரிய சண்டை வந்தது. பேய் வீட்டில் மோகினி வேஷம் என்று தெரிந்ததும் பெரியம்மா பேச்சை நிறுத்திவிட்டார். "கல்யாணங்கட்டாத புள்ள வெள்ளச் சீல கட்டுமா? பெத்தவ நான் கல்லு மாதிரி இருக்கேன், இவ பொணமா நிக்கிறாளாம்" என்று என் அம்மாவிடம் சொல்லி அழுதார். அக்கா அழைத்தால் போனை எடுக்க மாட்டார். மணி அடித்து ஓயும் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வருடம் கார்னிவல் பலாங்கொடைக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் நஸ்ரினும் போனோம். மஞ்சள் பலகையில் ஹொல்மன் கெதர என்று சிங்களத்திலும், பேய் வீடு என்று தமிழிலும் எழுதியிருந்தது. தகரமும் கறுப்புத் துணியும் வைத்து அடைத்த வளைந்து வளைந்து போகும் பாதை. உள்ளே ஒரே புழுக்கம். சாம்பிராணியும் பெயின்டும் கலந்த வாசனை. நான் அந்தப் பள்ளித் தவணையில்தான் மூடநம்பிக்கைகள் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருந்தேன். அதனால் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நடந்தேன். முதல் மூலையில் சிவப்பு பல்புக்குக் கீழே மோகினி நின்றது. முகத்தை முடி மூடியிருந்தது. கையில் குழந்தை. குழந்தையைக் கொஞ்சம் பிடியுங்களேன் என்று சிங்களத்தில் மெல்லிய குரலில் கெஞ்சியது. நான் ஒரு அடி கிட்டப் போனேன். அது போட்ட அலறலில் என் புத்தகப் பை எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. இருவரும் ஓடினோம். கடைசி மூலையில் திரும்பினால் அதே மோகினி, அதே சேலை, அதே முடி, எங்களுக்கு முன்னால் நிற்கிறது! பின்னால் விட்டுவந்த பேய் எப்படி முன்னால் வந்தது? நஸ்ரின் உம்மாவைக் கூப்பிட்ட சத்தம் பஸ் ஸ்டாண்ட் வரை கேட்டிருக்கும்.

வெளியே வந்து மூச்சு வாங்கும்போது தகரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "ஏய் புத்தகம்! பேய் இல்லன்னு கட்டுர எழுதினியே, இப்ப யாரப் பாத்து ஓடுற?"

கையில் என் பையோடு அக்கா நின்றார். உள்ளே கூப்பிட்டுப் பிளேன் டீ தந்தார். அங்கே இன்னொரு மோகினி முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தது. அது நுவன் என்ற ஒல்லியான சிங்கள அண்ணா. இரண்டு பேருக்கும் ஒரே வேஷம். முதல் மூலையில் அக்கா, கடைசி மூலையில் நுவன். ஒரே பேய் பறந்து வந்துவிட்டதாகச் சனங்கள் நினைக்க வேண்டும், அதுதான் அந்த வீட்டின் வித்தை. "யாருக்கிட்டயும் சொல்லிறாத, எங்க பொழப்பு போயிரும்" என்றார் அக்கா.

தொழிலில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. "பயந்தவங்களப் பயமுறுத்தக் கூடாது. அது கொடும. சிரிச்சிக்கிட்டு வாறவங்களத்தான் பிடிக்கணும். அவங்க வெளிய போயி இன்னும் நல்லாச் சிரிப்பாங்க." சின்னப் பிள்ளைகள் அழுதுகொண்டு வந்தால் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாராம். அதற்காக முதலாளியிடம் திட்டும் வாங்குவாராம். கார்மென்டை ஏன் விட்டீங்க என்று கேட்டேன். "அங்க நான் வந்தேனா வரலையான்னு மெசினுக்குத்தான் தெரியும். இங்க ஒரு சத்தம் போட்டா எத்தன பேரு திரும்பிப் பாக்குறாங்க!" என்றார். பிறகு டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா மட்டும் பாக்கல. நீ கேட்டா வருவாங்களா?" என்றார். அவ்வளவு சத்தமாக அலறிய குரல் அதைக் கேட்கும்போது மிகவும் சின்னதாகிவிட்டது.

பெரியம்மா முதலில் முடியாது என்றார். இரண்டாவது தடவையும் முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டில் ரொட்டி சுடும் வாசனை வந்தது. போய்ப் பார்த்தால் ரொட்டியையும் கட்டச் சம்பலையும் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். "எங்க பெரியம்மா போறீங்க?" என்றேன். "பஜாருக்குச் சாமான் வாங்க. வழியில இருந்தா பாப்பேன், இல்லாட்டி இல்ல" என்றார். கார்னிவல் நடந்த மைதானம் பஜாருக்குப் போகும் வழிக்கு நேர் எதிர்த்திசையில் இருந்தது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடப் போனேன்.

உள்ளே நுழைவதற்கு முன் தெளிவாகச் சொன்னேன். "முதல்ல வாற மோகினிதான் அக்கா. பயப்படாதீங்க." பெரியம்மா தலையாட்டினார். ஆனால் கறுப்புத் துணியைத் தாண்டியதுமே அவர் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மாரியாத்தா, மாரியாத்தா" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

முதல் மூலை வந்தது. அக்கா எங்களைக் கண்டுவிட்டார். அவர் அலறவில்லை. பொம்மையைக் கீழே வைத்தார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்த முடியை விலக்கிப் பின்னால் போட்டார். வெளிச்சம் நன்றாக விழுவதற்காகச் சிவப்பு பல்புக்கு நேர் கீழே ஒரு அடி முன்னால் வந்து நின்றார். பூச்சுக்கு மேலே நெற்றியில் ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு. அம்மா வந்தாலும் வரலாம் என்று வைத்திருக்க வேண்டும். அந்த முகத்தில் பேயே இல்லை. பரிசளிப்பு விழாவில் பெயர் கூப்பிட்டதும் மேடையில் ஏறும் பிள்ளையின் முகம் அது.

"பெரியம்மா, கண்ணத் திறங்க" என்றேன். பின்னால் வந்த பையன்களின் கூச்சலிலும் ஸ்பீக்கரில் ஓடிய ஓநாய்ச் சத்தத்திலும் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். நாங்கள் கடந்துவிட்டோம். திரும்பிப் பார்த்தேன். அக்கா அதே இடத்தில் அப்படியே நின்றார்.

கடைசி மூலையில் துணி விலகிக் கொஞ்சம் பகல் வெளிச்சம் வந்தபோதுதான் பெரியம்மா கண்ணைத் திறந்தார். அவர் பார்த்த முதல் மோகினி நுவன். அது வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா பார்சலை அதன் கையில் திணித்துவிட்டார். "சாப்புடு ஆத்தா. நல்லாத்தான் நடிக்கிற. சாப்புடு" என்றார். அந்த மோகினி அலற மறந்து நின்றது.

வெளியே வந்ததும் பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "பாத்துட்டேன் புள்ள. கைதான் காச்சிப்போயிக் கெடக்கு, ஆம்பளக் கை மாதிரி. கஷ்டமான வேலதான் போல." முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் அவரை ஐஸ்கிரீம் கடைப் பக்கம் உட்காரவைத்துவிட்டுத் தகரத்துக்குப் பின்னால் ஓடினேன். நுவன் அண்ணா ரொட்டி தின்றுகொண்டு "ஹரி ரசய்" என்றார். நல்ல ருசி என்று அர்த்தம். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் பெத்த அம்மா, இவனுக்கு ரொட்டி சுட்டுட்டு வந்திருக்காங்க பாரேன்!" நான் போய் உண்மையைச் சொல்லிக் கூட்டிவரவா என்று கேட்டேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார். "வேணாம் புத்தகம். பாத்துட்டேன்னு சந்தோசமா இருக்காங்க இல்ல? அத ஏன் கெடுக்கணும்? அடுத்த தடவ லைட்டப் போட்டுட்டு நானே கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன்."

அன்றிலிருந்து பெரியம்மா போனை எடுத்தார். "கைக்கு நல்லெண்ண போடுடி" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அக்காவும், "போடுறேம்மா" என்பார்.

சாவு வீட்டுக்கு நுவன் அண்ணா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அக்காவின் போனிலிருந்து படத்தைப் போட்டதும் அவர்தான். எல்லோருக்கும் அறிவிக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. இருந்ததிலேயே தெளிவான படம் அதுதானாம். அவர் பெரியம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, சிங்களத்தில் சொன்னார்: "அம்மே, அன்று உங்கள் ரொட்டியைச் சாப்பிட்டவன் நான்தான். அக்காவுக்குப் பாதி வைத்தேன்." ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். பெரியம்மாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர் நுவன் அண்ணாவின் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அவ எங்க நின்னா?"

"முதல் மூலையில, பெரியம்மா."

"நான் கண்ண மூடியிருந்தேனே."

"ஆமா பெரியம்மா."

பெரியம்மா நுவன் அண்ணாவின் கையை மெல்ல விட்டார். பிறகு, "அவ என்ன செஞ்சா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். முடியை விலக்கியதை, ஒரு அடி முன்னால் வந்ததை, பொட்டை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அன்றே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் பெரியம்மா இன்னொரு தடவை உள்ளே போயிருப்பார். அது எனக்குத் தெரியும். ஆனால் அக்கா வேண்டாம் என்றார், நானும் அடுத்த தடவை என்ற ஒன்று கட்டாயம் வரும் என்று நம்பினேன். பேய் இல்லை என்று கட்டுரை எழுதத் தெரிந்த எனக்கு, அது வராமலும் போகலாம் என்பது மட்டும் தோன்றவில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் ஒரு பொருளும் இல்லை. சிவப்பு பல்புக்குக் கீழே நின்ற அந்த முகம் மட்டும் இருக்கிறது. அது எனக்காகக் காட்டப்பட்ட முகம் அல்ல. உரியவர் பார்க்காததால் என்னிடம் தங்கிவிட்டது. சில சாயங்காலங்களில் மலையிலிருந்து வந்ததும் பெரியம்மா எங்கள் வாசலுக்கு வந்து, "சொல்லு புள்ள" என்பார். அழகாக இருக்கும் என்று ஒரு சொல்லையும் நான் சேர்ப்பதில்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன். நான் சொல்லி முடிக்கும் வரை பெரியம்மா கண்ணை இமைக்காமல் திறந்தே வைத்திருக்கிறார்.