புல் முளைக்காத தெரு

நீண்ட நாள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அத்தை வீட்டில் வந்து இறங்கிய அன்று, தெருமுனையிலிருந்து வாசல் வரை என் சக்கரப் பெட்டி ஓரிடத்திலும் தட்டவில்லை. சரிவான தெரு அது. அத்தையின் வீடு அடியில், கடைசியாக இருக்கிறது. பெட்டி என்னை முந்திக்கொண்டு ஓடப் பார்த்தது. இரு பக்கமும் வீட்டு முற்றங்கள் வழவழவென்று, சாம்பல் நிறத்தில், ஒரு செடிகூட இல்லாமல் கிடந்தன. அன்று சாயங்காலம் அத்தையின் தம்பி, என் பெரியப்பா, வந்தபோது, "உங்க தளம் விமான நிலையம் மாதிரி இருக்கு பெரியப்பா" என்றேன். அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து அதன்பிறகு வெகுநாள் நான் பார்க்கவில்லை.

பெரியப்பா சிமெண்டுத் தளம் போடுகிறவர். தெருவில் அவருக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். மட்டம் பார்ப்பதற்காக உள்ளே குமிழி ஓடுகிற அந்தச் சின்னக் கட்டை எப்போதும் அவர் பையில் இருக்கும். யார் வீட்டுக்காவது சாப்பிடப் போய் மேசை லேசாக ஆடினால்கூடப் பையைத் திறந்துவிடுவார், மானம் போகும் என்று பெரியம்மா சொல்வாள்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கலவை சுமக்கப் போனவர். கரண்டி பிடிக்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் தானே தேய்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டார். பிறகு இந்தத் தெருவுக்குக் குடிவந்து, வீடு வீடாக முற்றத்தை மூடினார். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். மண் இருந்தால் சேறு, சேறு இருந்தால் கொசு, செடி இருந்தால் பூச்சி, மரம் இருந்தால் இலைக்குப்பை. தளம் போட்ட பிறகு மரம் நிற்பது தொந்தரவாகத் தெரிந்தது. இலை விழுந்து கறை பிடிக்கிறது என்று ஒவ்வொன்றாக வெட்டினார்கள்.

பெரியப்பாவின் வேலைக்கு இரண்டு வாக்குறுதிகள் உண்டு. ஒன்று, தளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. வாசலைப் பார்த்துச் சரிவாக வாட்டம் வைத்து, விழுந்த மழையை விழுந்த சுருக்கில் தெருவுக்கு அனுப்பிவிடுவார். இன்னொன்று, புல் முளைக்காது. முளைத்தால் இனாமாகத் திரும்பப் போட்டுத் தருவார். தெருவில் நடந்து போகும்போதே அவர் கண் தரையில்தான் இருக்கும். எங்காவது ஒரு விரிசலில் பச்சையாக ஏதாவது தெரிந்தால் குனிந்து பிடுங்கிவிடுவார். விருந்தாளியின் சட்டையில் ஒட்டிய நூலை எடுப்பது போல, பேச்சை நிறுத்தாமல் அதைச் செய்வார்.

வெயில் காலத்தில் அந்தத் தளங்களில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ராத்திரியிலும் சூடு தணியாது. ஆழ்குழாய்க் கிணறுகளில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, "பூமியில தண்ணியே இல்ல" என்று அந்தத் தளத்தின் மேல் நின்றபடியே பேசிக்கொள்வார்கள். நானும் அந்த வரிசையில் நின்று ஆமாம் போட்டிருக்கிறேன். எத்தனையோ ஊரைப் பார்த்துவிட்டு வந்தவள், காலுக்குக் கீழே பார்க்கவில்லை.

முதல் மழை ஒரு மத்தியானத்தில் கொட்டியது. இப்போதெல்லாம் மழை நின்று நிதானமாகப் பெய்வதில்லை. ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டுப் போகிறது. நாங்கள் எழுந்து கதவைச் சாத்துவதற்குள் தண்ணீர் அத்தையின் முன்னறைக்குள் வந்துவிட்டது. அத்தை தையல்காரி. முன்னறைதான் அவள் கடை. தைத்து அடுக்கியிருந்த பள்ளிச் சீருடைகள் சேற்றுத் தண்ணீரில் மிதந்தன. தையல் இயந்திரத்தை நானும் அவளும் கட்டிலில் தூக்கி வைத்தோம்.

மழை விட்டதும் தெருவே திரண்டு வந்தது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மேட்டு வீட்டில் இருக்கிறார். ஆபீசர் என்றே கூப்பிடுவார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"சாக்கடையை யாரு தூர் வாருறா? மனு எழுதி எழுதி என் கைதான் தேஞ்சு போச்சு."

"வருஷா வருஷம் உங்களுக்குத்தான்மா இந்தக் கஷ்டம்," என்றான் எதிர்வீட்டு மெக்கானிக். "இடம் பள்ளம், அதான்."

பெரியப்பா வாளியால் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு ரசமட்டத்தை எடுத்து அத்தை வீட்டு வாசலில் வைத்தார். குமிழியைப் பார்த்தார். திருடிய பொருளை மறைப்பது போலச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் மேட்டு வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, அதன் கூடவே நடந்து வந்தார்.

"என்ன அண்ணே, ரோட்டுக்குத் தண்ணி ஊத்தறீங்க?" என்றான் மெக்கானிக். "புதுத் தளம்னு ஈரம் காட்டறீங்களா, இல்ல ரோடு வளரணும்னா?"

அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்தார். தண்ணீர் எங்கும் திரும்பாமல் அத்தையின் வாசலுக்கு வந்து நின்றது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக, குறை சொல்ல முடியாதபடி வாட்டம் வைத்தவர், எல்லா வாட்டமும் சேர்ந்து எங்கே போகும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த வாரமே அத்தை முடிவுக்கு வந்துவிட்டாள். வெளியூரில் இருக்கும் மகன் வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் இருப்பது அடுக்குமாடியில், பத்துக்குப் பத்து அறை. இயந்திரத்தைக் கொண்டுபோக முடியாது. "வீட்டை வித்துடறேன். புரோக்கர்கிட்டச் சொல்லிட்டேன்," என்றாள். "தண்ணி வர்ற வீடு. வந்த விலைக்குக் குடுத்துட வேண்டியதுதான்." வாழ்நாளெல்லாம் சம்பாதித்த கையைச் சும்மா மடியில் வைத்துக்கொண்டு மகன் வீட்டு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பெரியப்பாவாலும் முடியவில்லை.

"கொஞ்சம் பொறு அக்கா," என்றார்.

"எதுக்குடா பொறுக்கணும்? மழைகிட்டப் பேசப் போறியா?"

அவர் போய்த் தன் முற்றத்தைக் கடப்பாரையால் உடைக்கத் தொடங்கினார். பெரியம்மா கத்தினாள். "நல்லாருக்கற தரையை இடிக்கறாரே, யாராவது கேளுங்களேன். பெருக்கறது நான். சேறு மிதிச்சு வர்றது இவரு." சிமெண்டுக்கு அடியில் இருந்த மண்ணைப் பார்க்கப் போனேன். வெளிறி, பொடியாக, வாசனையே இல்லாமல் இருந்தது. ஒரு புழு இல்லை. வாளித் தண்ணீரை ஊற்றினால் உடனே குடிக்கத் தெரியவில்லை, மேலேயே திகைத்து நின்றது. பெரியப்பா அதன் பக்கத்தில் உட்கார்ந்து கடப்பாரையால் கிளறிக் கிளறி விட்டார். நான் வந்ததைக் கவனித்தும் நிமிரவில்லை.

பிறகு வீடு வீடாகப் போனார். வாசலை ஒட்டித் தளத்தை ஒரு முழ அகலத்துக்கு வெட்டி எடுத்து, பள்ளம் தோண்டி, மண்ணைத் திறந்து விட வேண்டும் என்று கேட்டார். ஏன் என்று கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. "கிணறு ஊறும்" என்றார். "வீடு குளுமையா இருக்கும்" என்றார். இன்னொரு வீட்டில், "இப்ப எல்லா இடத்துலயும் இப்படித்தான் செய்யறாங்க" என்றுகூடச் சொன்னார்.

ஆபீசர் சிரித்தார். "புல்லு முளைச்சா இனாமாப் போட்டுத் தரேன்னு சொன்ன ஆளு, இப்போ புல்லு வளர்க்கச் சொல்றீரு. போட்டதுக்கும் காசு, உடைக்கறதுக்கும் காசா? நல்ல தொழில்யா."

"காசு வேண்டாம் சார்."

"அப்போ வேற ஏதோ இருக்கு," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே பெரியப்பா?" என்று கேட்டேன்.

"எந்த வாயால சொல்றது?" என்றார். "அக்கா வீட்டுக்குள்ள தண்ணிய விட்டது நான்தான்னா? அவ ஊரெல்லாம் என் தம்பி போட்ட தளம்னு சொல்லிட்டுத் திரியறா."

அடுத்த மழைக்கு வானம் கறுத்தபோது அவர் அத்தையிடம் வந்து வெட்டுத்துணி மூட்டையைக் கேட்டார். தெருவில் எல்லோருக்கும் அவள்தான் தைக்கிறாள். மிச்சத் துணியெல்லாம் அந்த மூட்டையில் கிடக்கும். எது யாருடையது என்று அவளுக்கு அத்துப்படி. இரண்டு பேரும் உட்கார்ந்து பிரித்தார்கள். எதற்கு என்று அவள் கேட்டாள், அவர் அடுத்த துண்டை எடுத்து இது யாருடையது என்றார். மழை விழுந்ததும் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடினார். ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டுத் துணியில் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இறங்கி வந்தார். ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. பெரியம்மா குடையோடு பின்னால் ஓடி வந்தாள். மெக்கானிக்கும், இவருக்கு என்ன ஆயிற்றோ என்ற பயத்தில் ஆபீசரும் வந்தார்கள்.

அதற்குள் தண்ணீர் அத்தையின் வாசற்படி ஏறிவிட்டது. துணித் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கதவு நிலையில் ஒட்டிக்கொண்டன. கோடு போட்ட வெள்ளைத் துணியை ஆபீசர் குனிந்து பார்த்தார்.

"இது என் சட்டைத் துணி இல்ல?"

"உங்க வாசல்ல விட்டேன் சார். இங்க வந்துடுச்சு."

"நீர்தானே வாட்டம் வெச்சீரு?"

"ஆமா. நான்தான் வெச்சேன்." பெரியப்பா அத்தையின் பக்கம் திரும்பினார். முகத்தை நிமிர்த்தவில்லை. "சாக்கடை இல்ல அக்கா. நான்தான்."

அத்தை குனிந்து ஒரு மஞ்சள் துண்டை எடுத்துப் பிழிந்தாள். "இது உன் பொண்டாட்டி ரவிக்கை," என்றாள். பெரியம்மா குடையைத் தாழ்த்திக்கொண்டாள்.  தண்ணீர் எங்கள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு முன்னறைக்குள் போனது.

"இத்தனை நாள் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுப் பேசாம இருந்தியா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். "அதான்டா எனக்கு ஆத்திரம்," என்று சொல்லி மஞ்சள் துணியை அவர் தோளில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் பின்னாலேயே போய்த் தண்ணீர் இறைக்க வாளியை எடுத்தபோது அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சாக்கடை தூர் வாருவதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

எல்லோரும் மனம் மாறிவிடவில்லை. தன் துணியைப் பார்த்தவர்களில் சிலர்தான் வாசலைத் திறக்கச் சம்மதித்தார்கள். ஆபீசர் சம்மதித்தார், ஆனால் பெரியப்பா வேலை செய்யும்போது வெளியே வரவே இல்லை. மெக்கானிக் மாட்டேன் என்றான். வண்டி எண்ணெய் மண்ணில் இறங்குமாம். "காரணத்தை மறைக்காம சொன்னதுக்கு உன்னைப் பாராட்டணும்டா," என்றாள் அத்தை. வெட்டிய சிமெண்டுப் பாளங்களைப் பெரியப்பா தன் தோளிலேயே சுமந்து போட்டார். என்னைத் தொடவிடவில்லை.

அதற்கடுத்த மழையில் தண்ணீர் வாசற்படி வரை வந்து, மேலே ஏறாமல் நின்றது. "எட்டிப் பாத்துட்டுப் போயிடுச்சு," என்றாள் அத்தை. புரோக்கர் ஆள் கூட்டி வந்தபோது, "இன்னும் ஒரு மழை பாத்துட்டுச் சொல்றேன்" என்று திருப்பி அனுப்பினாள். அவள் இயந்திரம் இன்னும் கட்டில் மேல்தான் இருக்கிறது. ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அங்கேயே தைக்கிறாள்.

நேற்றுக் காலையில் பெரியப்பாவோடு நடந்து வந்தேன். ஏதோ பேசிக்கொண்டே வந்தவர், ஆபீசர் வீட்டு வாசலில் குனிந்தார். திறந்த மண்ணில் புதிதாக முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். நாலு எட்டு வைத்த பிறகுதான் கையைப் பார்த்தார். பேச்சு நின்றது. திரும்பிப் போய், முட்டிபோட்டு உட்கார்ந்து, விரலால் குழி பறித்து அதைத் திரும்ப நட்டார். அது நிற்கவில்லை, சாய்ந்தது. மறுபடி மண்ணை அணைத்தார். மறுபடியும் சாய்ந்தது.

தன் வாசலிலிருந்து அத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுடா," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "அது வர்றப்ப வரும். நீ கையை மட்டும் பாக்கெட்டுக்குள்ள வெச்சுக்க."

அவர் கையை உதறிப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். தெரு முடியும் வரை வெளியே எடுக்கவில்லை.