கால் ஊன்றாத பல் டாக்டர்

கோபாலபுரத்துப் பல் டாக்டர் வெங்கடரமணனிடம் பல் பிடுங்கிக்கொண்டால் பிடுங்கியதே தெரியாது. சங்கீத வித்வான் ஒருவர் அவர் நாற்காலியில் சாய்ந்தபடி தோடியை மனசுக்குள் ஆலாபனை செய்துகொண்டிருந்தாராம். கடைவாய்ப்பல் போனதை வீட்டுக்குப் போய் முறுக்கைக் கடிக்கும்போதுதான் கண்டுபிடித்தாராம். அவ்வளவு மெத்தென்ற கை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் இரத்தம் சொட்டச் சொட்ட வீடு திரும்புவார். ஐம்பத்து நான்கு வயசு உடம்பில் உடையாத எலும்பு காதுக்குள் இருக்கிற குட்டி எலும்பு ஒன்றுதான். நான் மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் அவருடைய எக்ஸ்ரேக்களைப் பார்க்கலாம்.

காரணம் ட்ரையல்ஸ். மோட்டார் சைக்கிள் விளையாட்டுதான், ஆனால் வேகம் கிடையாது. ஆமை முந்திக்கொண்டு போகும். பாறை, பள்ளம், சேறு எது வந்தாலும் வண்டிமேல் நின்றபடி கடக்க வேண்டும், கால் தரையில் படக்கூடாது. பட்டால் தடவைக்கு ஒரு புள்ளி. குறைந்த புள்ளிக்காரர் ஜெயித்தவர், பூஜ்யம் வாங்கியவர் மகாராஜா.

இந்த வியாதி அவருக்கு முற்றியிருந்தது. லஸ் சிக்னலில் சிவப்பு விளக்கு விழுந்தால்கூட ஸ்கூட்டரைக் காலை ஊன்றாமலே நிறுத்தி ஆடிக்கொண்டிருப்பார். "இன்னா சாரே, கால்ல ஆணியா?" என்று ஆட்டோக்காரர்கள் கேட்பார்கள். ஒரு நாள் நிலை தடுமாறியது. எந்தப் பச்சைக் குழந்தையும் காலை ஊன்றியிருக்கும். இவர் ஊன்றாமல் மரம் மாதிரிச் சாய்ந்து, காறை எலும்பை முறித்துக்கொண்டார்.

அவருடைய ட்ரையல்ஸ் வண்டி ஐம்பதுகளில் இங்கிலாந்தில் பிறந்தது. அதன் சேஸிஸ் மாமனார் வீட்டு மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. எஞ்சினை டாக்டர் புதுப்பேட்டைப் பழைய இரும்புக் குவியலிலிருந்து தோண்டி எடுத்தார். இரண்டையும் ஒன்று சேர்த்தவர் சிநேகிதர் ஃபராஸ், ராயப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். மூன்று வருஷம் தேய்த்தார்கள், கடைந்தார்கள், ஒட்டினார்கள். வண்டி நன்றி பாராட்டவில்லை. கிக்கரை மிதித்தால் திருப்பி உதைக்கும். டாக்டரின் கணுக்காலை நொறுக்கியது. ஃபராஸைத் தூக்கி மதிலுக்கு அந்தப்பக்கம் எறிந்தது.

"நைனா, இது வண்டி இல்ல, பெட்ரோல் குட்சிக்கினு கீற கய்தை," என்றார் ஃபராஸ், அடுத்த வீட்டு முருங்கை மரத்திலிருந்து.

அந்தக் கழுதையைக் கேட்டுத்தான் ராம்குமார் வந்தான். டாக்டரின் மனைவி ஜானுவுக்குத் தம்பி. தி. நகரில் காபிக் கடை திறக்கப்போகிறானாம்; சுவரில் பழைய வண்டி ஒன்றைத் தொங்கவிட்டால் கூட்டம் வருமாம். சின்ன லோடு வண்டியோடு வாசலில் நின்றான்.

"அத்திம்பேர், சேஸிஸ் எங்கப்பாவோடது. ஆர்.சி. புக்கும் அவர் பேர்ல இருக்கு."

"எஞ்சின் என்னோடதுடா! ஓடற வண்டியை ஆணி அடிச்சு மாட்டுவியா?"

"ஓடறதா? உங்களைப் போட்டு மிதிக்கறதுன்னு சொல்லுங்கோ."

டாக்டர் ஹாண்டில்பாரைப் பிடித்தார், ராம்குமார் பின்சக்கரத்தைப் பிடித்தான். இழுபறியில் டாக்டரின் முழங்கை மச்சினன் மூக்கில் இறங்கியது. மச்சினனின் தலை டாக்டரின் வயிற்றில் புகுந்தது. போர்ட்டிகோவில் உருண்டார்கள்; துளசி மாடம் சாய்ந்தது, காத்திருந்த நோயாளி ஒருவர் வலி போய்விட்டதாகச் சொல்லிவிட்டு ஓடினார். ஜானு இரண்டு பேர் தலையிலும் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டினாள். வாளியையும் சேர்த்துத்தான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நீயும் ட்ரையல்ஸ் ஓட்டினவன்தானேடா ராமு? பாறைல ஓட்டிக் காட்டுங்கோ. கால் கொறைச்சு ஊன்றவாளுக்கு வண்டி. நான்தான் ஜட்ஜ். அதுக்கப்புறம் எவனாவது வாயைத் திறந்தா..." கீழே உருண்ட வாளியை மறுபடி கையில் எடுத்தாள்.

ஞாயிறு காலை, பெசன்ட் நகரைத் தாண்டி, உடைந்த பாலத்துப் பக்கம். கருங்கற்கள் கடலோரம் குவிந்து கிடந்தன. ஃபராஸ் வலப்பக்கம் சிவப்பு ரிப்பனும் இடப்பக்கம் நீல ரிப்பனும் கட்டி வழி போட்டார். நடுவில்தான் போக வேண்டும்.

ராம்குமார் முதலில். கிக்கர் முதல் மிதிக்கே அவன் முழங்காலைப் பதம் பார்த்தது. நொண்டிக்கொண்டே ஏறினான். சும்மா சொல்லக்கூடாது, கை மறக்கவில்லை. ஆனால் பாசி படிந்த கல்லில் சக்கரம் வழுக்க, இடதுகால் ஊன்றினான். வண்டி சரிந்தது, சைலன்ஸர் கெண்டைக்காலைச் சுட்டது, அலறிக்கொண்டே வலதுகாலும் ஊன்றினான். எப்படியோ முடித்தான். இரண்டு.

அடுத்து டாக்டர். முதல் கல், இரண்டாம் கல், வழுக்குப்பாறை எல்லாவற்றிலும் பூனை மாதிரி ஏறினார். கடைசிப் பாறையின் உச்சியில், நின்ற இடத்திலேயே வண்டியை ஆட்டி நிறுத்தி, இறங்கும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராம்குமாருக்குத் தாங்கவில்லை. பாறைமேல் ஓடிப்போய், தன் ஹெல்மெட்டை வாரைப் பிடித்துச் சுழற்றி டாக்டரின் தோளில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அலைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. இறங்கினால் அவனைக் கடலுக்குள் அனுப்பியிருக்கலாம். இறங்கினால் கால் படும்.

"கீய எறங்கி சாத்து சார்!" என்று கத்தினார் ஃபராஸ்.

"புள்ளி விழுந்துடும்!" என்றார் டாக்டர்.

இரண்டாவது வீச்சு விலாவில். மூன்றாவது வாயில், உதடு கிழிந்து சட்டையெல்லாம் சிவப்பு. வண்டி நடுங்கியது, டாக்டர் நடுங்கினார், இரண்டு கால்களும் மிதிகட்டையை விட்டு நகரவில்லை. ஃபராஸ் ஓடிப்போய் ராம்குமாரின் இடுப்பைப் பிடித்து இழுக்க, அவன் ஃபராஸின் தோளைக் கடித்தான். அந்த இடைவெளியில் டாக்டர் ஒற்றைக் கையால் வண்டியைத் திருப்பி, பாறையிலிருந்து கீழே விட்டார். முன்சக்கரம் மணலில் குத்தி, எழும்பி, கடைசி ரிப்பனைத் தாண்டியது. தாண்டிய பிறகுதான் விழுந்தார்.

எல்லோரும் ஜானுவைப் பார்த்தார்கள். ட்ரையல்ஸில் ஜட்ஜ் வாயால் சொல்வதில்லை. எத்தனை புள்ளியோ அத்தனை விரல் காட்டுவார். பூஜ்யம் என்றால் மூடிய முஷ்டி. ஜானு முஷ்டியை உயர்த்தினாள்.

"ஆம்படையானுக்குக் கள்ளத் தீர்ப்பு சொல்றியா அக்கா? வலதுகால் பட்டுது! நான் பார்த்தேன்!" என்று பாய்ந்து வந்தான் ராம்குமார்.

முஷ்டி ஏற்கெனவே மடங்கித்தான் இருந்தது. ஜானு அதை வீணாக்கவில்லை.

ராம்குமாரின் முன்பல் ஒன்று பறந்துபோய் மணலில் விழுந்தது. குப்புறக் கிடந்த டாக்டர் அதைப் பார்த்ததும் நோயாளியைக் கண்ட வைத்தியராகிவிட்டார். "வேரைத் தொடாதே ஃபராஸ்! தலைப்பக்கம் பிடி! இளநீர்ல போடு, ஓடு! ஒரு மணி நேரத்துக்குள்ள வெச்சா ஒட்டிக்கும்!"

பீச்சோர இளநீர்க்காரரிடம் ஒரு காயைச் சீவி வாங்கி, அதற்குள் மச்சினனின் பல்லை மிதக்கவிட்டு, கோபாலபுரத்துக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டரின் வலதுகை கழுத்துத் துணியில் தொங்கியது. இடதுகையால் ஊசியை எடுத்தார். ஜானு வீங்கிய முஷ்டியோடு தம்பியின் தாடையைப் பிடித்துக்கொண்டாள். ஃபராஸ் தோளில் பல்தடத்தோடு விளக்கைப் பிடித்தார்.

"மரத்துப் போற ஊசி இது," என்றார் டாக்டர், கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டு. "இது இல்லாமலும் பல்லைத் திருகி வைக்கலாம். நான் செஞ்சதில்லை. செய்யணும்னு ரொம்ப நாளா ஆசை. என் கால் பட்டுதாடா?"

ராம்குமார் ஊசியைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

"படலை அத்திம்பேர்."

"எந்தக் காலும்?"

"எந்தக் காலும்."

"அப்போ வண்டி?"

"எடுத்துண்டு போய் சாவுங்கோ," என்றான் ராம்குமார், வாயை நன்றாகத் திறந்துகொண்டு.