பாலாற்று மணலும் எண்பத்து நான்கு மில்லிமீட்டரும்

கடந்த மே மாதம் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் என் ஃபோர்வீல் டிரைவ் வண்டி புதைந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் அச்சு வரை உள்ளே போய்விட்டன. ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு டிராக்டர் வந்து இழுத்துப் போட்டது. டிராக்டர்காரர் 800 ரூபாய் வாங்கிக்கொண்டு, டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, "இன்னாமா, இம்மாத்தூண்டு சக்கரத்த வச்சிக்கினு ஆத்துல எறங்கிட்ட" என்றார். அந்தப் பேச்சு என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பெரிய டயர் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், கடையில் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

ஆற்றில் இறங்கியது வேடிக்கைக்காக அல்ல. வரும் ஜனவரியில் குஜராத்தின் கட்ச் உப்புப் பாலைவனத்துக்குப் போகத் திட்டம். அதற்கான ஒத்திகை இது. எனக்கு வீடு தாம்பரத்தில். என் பயணத் துணை ஸ்டெல்லா, காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பதினொரு வருடமாக என் வண்டியின் இடதுபக்க முன்சீட் அவளுடையது. வழி பார்ப்பது, டீசல் கணக்கு எழுதுவது, நான் தப்பான பாதையில் திரும்பினால் திட்டுவது எல்லாம் அவள் வேலை.

ஸ்டெல்லாவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்தது. வலது காலில் இரும்புப் பட்டை போட்ட ஷூ. வண்டியில் ஏற அவளுக்கென்று ஒரு முறை உண்டு. சீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்பாள், விளிம்பில் இடுப்பை வைத்து உட்காருவாள், பிறகு காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துத் திரும்புவாள். பத்து நொடிகூட ஆகாது. யாராவது கை கொடுக்க வந்தால் முறைப்பாள். நானே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். தானாக ஏற முடியாத வண்டியில் அவள் எங்கும் வந்ததில்லை.

ஜூன் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை, இருவரும் காஞ்சிபுரத்தில் எங்களுக்குப் பழக்கமான ரஹீம் பாய் டயர் கடைக்குப் போனோம். வண்டியோடு வந்த டயர் 235/70 R16. தெரியாதவர்களுக்காக: 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. 16 என்பது உள்ளே இருக்கும் சக்கர வளையத்தின் விட்டம், அங்குலத்தில். நான் கேட்டது 265/75 R16. பாய் தாடியைச் சொறிந்தார்.

"போடலாம் மா. ஆனா வண்டிய ரெண்டு இஞ்ச் தூக்கணும். இல்லன்னா ஸ்டீயரிங்க ஒடிக்கறப்போ டயர் உள்ள ஒரசும்."

"தூக்கிடுங்க பாய்."

ஸ்டெல்லா கைபேசியில் கணக்குப் போட்டாள். "டயர் விட்டம் 68 மில்லிமீட்டர் ஏறுது. அதுல பாதிதான் வண்டி ஏறும், 34. தூக்கறது 50. மொத்தம் 84 பா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் டயரின் பொத்தான் பொத்தானான பற்களைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் எதற்காகப் பார்த்தாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஐந்து டயர் 86,000, தூக்கும் வேலை 38,000. மாலை நாலரைக்கு வண்டி தயார். எனக்கும் கொஞ்சம் அறிவு இருந்தது, அதனால் ஸ்டெல்லாவை ஏறிப் பார்க்கச் சொன்னேன். கடையின் சிமென்ட் மேடையை ஒட்டி வண்டி நின்றது. மேடையிலிருந்தபடியே இடுப்பை வைத்தாள், காலைத் தூக்கினாள், உட்கார்ந்துவிட்டாள். "பாத்தீங்களா, சரியாத்தான் இருக்குது" என்றார் பாய். எல்லாருக்கும் திருப்தி. டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். அன்று அவளை இறக்கிவிட்டது அவள் வீட்டுப் படியில். அந்தப் படியும் தெருவைவிட ஒரு அடி உயரம்.

ஒன்பது நாள் கழித்து, ஸ்டெல்லாவோடு புது டயரை ஆற்று மணலில் ஓட்டிப் பார்க்க, சனிக்கிழமை காலை 5:10க்குத் தாம்பரத்தில் கிளம்பினேன். ஸ்டெல்லா வீட்டுத் தெருமுனை எப்போதும் 61 கிலோமீட்டர். அன்று மீட்டர் 56 காட்டியது. டயர் பெரிதானால் சக்கரம் குறைவாகச் சுற்றும், மீட்டரும் குறைவாகவே காட்டும். வேகமும் அப்படித்தான்: முள் 80ல் இருந்தால் வண்டி 87ல் ஓடிக்கொண்டிருக்கும். போலீஸ்காரரிடம் இந்தக் கணக்கு எடுபடாது.

6:35க்குத் தெருமுனையில் பிரேக் போட வேண்டியதாயிற்று. தெருவில் பாவு போட்டிருந்தார்கள். தறியில் ஏற்றப்போகும் நீளவாட்டுப் பட்டு இழைகளை, வெயில் ஏறுவதற்குள் தெருவின் முக்கால் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து சீர்செய்வார்கள். ஆறேழு பேர் இரண்டு பக்கமும் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அங்கே சைக்கிள்கூட நுழையாது. காஞ்சிபுரத்தில் இதற்கு ஹாரன் அடிப்பவர் வெளியூர்க்காரர்.

"ஒரு மணி நேரம் ஆவும் மா" என்றார் ஓரத்தில் நின்ற ஒரு அம்மா, இழையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்டெல்லா வீட்டிலிருந்து சுவரோரமாக நடந்து முனைக்கே வந்துவிட்டாள். கதவைத் திறந்து முதுகைக் காட்டி நின்றாள். சமதரையில், தார் ரோட்டில். வண்டி உயரமாக இருந்தது. சீட்டின் விளிம்பு அவள் இடுப்புக்கு மேலே, முதுகில் இடித்தது. பிடியைப் பிடித்து எம்பினாள். இன்னொரு முறை எம்பினாள். ஷூ தாரில் உரசிய சத்தம் கேட்டது. பாவு வேலை செய்தவர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மணை ஒண்ணு கொண்டாந்து போடட்டா டீச்சர்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"வேணாங்கா." ஸ்டெல்லா கதவைச் சாத்தினாள். என்னிடம், "நீ ஆத்துக்குப் போயிட்டு வா பா. டயர் எப்டி ஓடுதுன்னு பாரு. நான் இங்க இவங்களோட பேசிக்கினு இருக்கேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போனேன். பொய் சொல்லக் கூடாது, டயர் அற்புதமாக ஓடியது. மே மாதம் புதைந்த அதே இடத்தில் வெண்ணெயில் கத்தி போல் போய், 400 மீட்டர் ஓடித் திரும்பியது. ஒரே ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. பிறகு இடதுபக்கம் திரும்பிப் பேச வாயெடுத்து, காலி சீட்டைப் பார்த்தேன். பாலைவனத்தில் யார் நமக்குப் படி கட்டி வைத்திருக்கப் போகிறார்கள்? டீசல் போடுமிடம், சாப்பாட்டுக் கடை, ஓய்வெடுக்க நிறுத்துமிடம் எல்லாம் சமதரைதான். 84 என்று அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. அவமானமாக இருந்தது.

திரும்பி வந்தபோது பாவைச் சுருட்டிவிட்டிருந்தார்கள். ஸ்டெல்லா தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். "ஜனவரிக்கு நீ மட்டும் போயிட்டு வா பா. எனக்கு ஸ்கூல்ல வேலை இருக்குது" என்றாள். அரையாண்டு விடுமுறையை ஒட்டி லீவு சொல்லித் தேதி குறித்ததே அவள்தான். நான் வண்டியை நேராக ரஹீம் பாய் கடைக்கு விட்டேன்.

"இன்னா மா, ஒரசுதா?"

"இல்ல பாய். அன்னிக்கு அவ ஏறினது உங்க மேடைல இருந்து."

பாய் மேடையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "ஆமா மா. நானும் கவனிக்கல" என்றார். வண்டியைத் தூக்கப் போட்டிருந்த பாகங்களைக் கழற்றினார். ஒன்பது நாள் ஓடிய டயர்களைக் குறைத்த விலைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டார். கூலியும் சேர்த்து எனக்கு 61,000 நஷ்டம். போட்டது 245/70 R16. பழைய டயரைவிட விட்டம் 14 மில்லிமீட்டர் அதிகம், வண்டி ஏறியது ஏழே மில்லிமீட்டர், மீட்டர் பிசகு இரண்டு சதவீதம்.

சரி, மணல்? ஜூலையில் மறுபடியும் அதே இடத்தில் இறங்கினோம், இருவரும். இந்த முறை இறங்குவதற்கு முன் டயர்களில் காற்றழுத்தத்தை 33 பி.எஸ்.ஐ.யிலிருந்து 18க்கு இறக்கினேன். நான்கு டயருக்கும் பன்னிரண்டு நிமிடம். ஸ்டெல்லா சமதரையில் ஏறி உட்கார்ந்து, எண்களைக் குறித்துக்கொண்டாள். டயர் தட்டையாகப் பரந்து மணல்மேல் நின்றது. பெரிய டயர் போல வழுக்கிக்கொண்டு போகவில்லை. முக்கி முனகித்தான் போனது, ஆனால் நிற்கவே இல்லை. மே மாதம் நான் செய்த தவறு டயர் அளவில் இல்லை. தார் ரோட்டுக் காற்றோடு மணலில் இறங்கியதுதான்.

நீங்கள் போகும்போது: முதலில் 4,500 ரூபாய்க்குக் காற்று நிரப்பும் சிறிய கம்ப்ரஸர் வாங்குங்கள், மணலைவிட்டு வெளியே வந்ததும் காற்றை ஏற்றாமல் ரோட்டில் வேகம் எடுக்காதீர்கள். விட்டம் மூன்று சதவீதத்துக்கு மேல் கூடினால் மீட்டரையும் பிரேக்கையும் நம்பாதீர்கள். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும். வண்டியில் வழக்கமாக ஏறும் எல்லாரையும் கடைக்கு அழைத்துப் போங்கள், வண்டியை ரோட்டில் இறக்கி நிறுத்தி ஏறச் சொல்லுங்கள். யாராவது ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால், டயரைத் தடவுவதை நிறுத்திவிட்டு நீங்களும் பாருங்கள்.

இதை வெளியிடுவதற்கு முன் ஸ்டெல்லாவிடம் படிக்கக் கொடுத்தேன். "எனக்காக மாத்தினேன்னு எழுதியிருக்கிறயா?" என்று கேட்டாள். உனக்காகத்தானே மாற்றினேன் என்றேன். கடைசி வரை படித்தாள். ஒரே ஒரு இடத்தைத் திருத்தச் சொன்னாள். தெருமுனையில் நடந்ததை எழுதும்போது, 'ஸ்டெல்லாவால் ஏற முடியவில்லை' என்று எழுதியிருந்தேன்.

"கணக்கு தப்பா இருக்குது பா" என்றாள். "நான் அதே உயரம்தான். வண்டி உயரமா இருந்துச்சுன்னு எழுது."

திருத்திவிட்டேன்.