தெஹானிக்கு ஒன்றுமில்லை என்றது காகிதம்

வெண்டல் மியாஹிராவுக்குப் பிள்ளைகளின் முகத்தைவிட அவர்களுடைய கணுக்கால்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். ஹொனலூலுவில் மலைச் சரிவில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் இருபத்தாறு வருஷமாக விளையாட்டுக் காயம் பார்ப்பதுதான் அவர் வேலை. மூன்று மணிக்கு வகுப்பு முடிந்ததும், கணுக்காலுக்கு டேப் சுற்றிக்கொள்ளப் பிள்ளைகள் அவர் அறை வாசலில் வரிசை கட்டிவிடுவார்கள்.

“டேப் அங்கிள், எனக்கு முதல்ல! கோச் கத்துவாரு.”

“நேத்தும் இதையேதான் சொன்ன. போய்ப் பின்னாடி நில்லு.”

வெண்டல் வளர்ந்தது வஹியவாவில், அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவில். அம்மா அன்னாசியை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் நின்றபடியே வேலை பார்த்தவள். இந்த மாதிரிப் பள்ளிக்குள் மாணவனாக அவர் காலெடுத்து வைத்திருக்கவே முடியாது. அதனாலோ என்னவோ, இங்கே யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

தெஹானி பச்சேகோ பதினொன்றாம் வகுப்பு. நீச்சல் குளத்தில் பந்தாடும் வாட்டர் போலோ அணியின் கோல்கீப்பர். வேதியியலில் வகுப்பிலேயே முதல். வசந்தகால நாடகத்திலும் ஒரு வேடம். அவளுடைய அப்பா டேரல் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர். தினமும் இருட்டோடு கிளம்பி, வையனேயிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி வந்து மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். அந்த வருஷம் கலிபோர்னியாவிலிருந்து ஒரு கல்லூரிக் கோச் அவள் ஆட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. டேரல் அதைத் துறைமுகம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

மார்ச் மாதம், பயிற்சியின்போது, மிக அருகிலிருந்து வந்த ஒரு பந்து தெஹானியின் நெற்றிப்பொட்டில் அறைந்தது. வெண்டல் அவளைக் கரையேற்றி உட்காரவைத்தார்.

“இன்னைக்கு என்ன கிழமை?”

“செவ்வாய். நான் நல்லாத்தான் இருக்கேன், அங்கிள்.”

“மதியம் என்ன சாப்பிட்ட?”

“சோறு, கறி, மேல ஒரு முட்டை. போதுமா?”

எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். ஆனால் பத்து நிமிஷத்துக்குள் மூன்று தடவை, “என் துண்டு எங்க, அங்கிள்?” என்று கேட்டாள். துண்டு அவள் தோளிலேயே கிடந்தது.

ஒன்பது நாள் தண்ணீரில் இறங்க விடவில்லை. பத்தாம் நாள் கணினிச் சோதனை. பள்ளியில் விளையாடும் எல்லாப் பிள்ளைகளும் ஆகஸ்டில், சீசன் எதுவும் தொடங்குமுன்னே, கணினி அறையில் உட்கார்ந்து சொற்களையும் வடிவங்களையும் நினைவில் வைத்துப் பதில் அமுக்குவார்கள். தலையில் அடிபட்டால் அதே சோதனையை மறுபடி செய்யவேண்டும். ஆகஸ்ட் மதிப்பெண்ணைத் தொட்டுவிட்டால் தலை சரியாகிவிட்டது என்று கணக்கு. தெஹானி தொட்டுவிட்டாள். மருத்துவமனை டாக்டரும் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று மாலை வெண்டலின் அறையில் உட்கார்ந்து அவள் வேதியியல் படித்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தாள்.

“எழுத்து ரெண்டாத் தெரியுதா?”

அவள் புத்தகத்தை மூடினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “யார்கிட்டயும் சொல்லாதீங்க, அங்கிள். ஆகஸ்ட்ல நான் வேணும்னே தப்புத்தப்பா அமுக்கினேன். பெரிய வகுப்பு அக்காங்க சொல்லிக்குடுத்தாங்க. அப்பத்தான் அடிபட்டாலும் மார்க் இறங்குனது தெரியாதாம். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க.”

வெண்டல் அப்படியே எழுந்து, விளையாட்டுத் துறைத் தலைவி க்வென் லாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை க்வெனின் அறையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். டேரல் வேலைச் சட்டையோடே வந்திருந்தார். க்வென் கேட்டதும், தெஹானி அலமாரியிலிருந்த பரிசுக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நான் அப்படிச் சொல்லல. அங்கிளுக்குத் தப்பாக் கேட்டிருக்கும்.”

டேரல் வெண்டலின் பக்கம் திரும்பினார். “அண்ணே, உங்கமேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா என் பொண்ணு பொய் சொல்றாங்கிறீங்களா?”

“அவ பயப்படுறா, டேரல். பதினாறு வயசு.”

க்வென் பெருமூச்சு விட்டாள். “டாக்டர் கையெழுத்து இருக்கு. கம்ப்யூட்டர் சரிங்குது. உங்க பக்கம் என்ன இருக்கு, வெண்டல்?”

“என் காதால கேட்டேன்.”

“அத நான் எந்த ஃபைல்ல வைக்கிறது?”

டாக்டர் கையெழுத்துக்கு மேலே பேச அந்தப் பள்ளியில் வெண்டலுக்கு அதிகாரம் கிடையாது. மருத்துவமனைக்குத் தொலைபேசினார்; நோயாளியைப் பற்றி வெளியாளிடம் பேசமுடியாது என்றாள் வரவேற்பறைப் பெண். கோச்சிடம் சொன்னார், பள்ளி சரி என்றால் தனக்கும் சரி என்றார் கோச். வீட்டில் மனைவி ஜாய்ஸ், “வேலைய விட்டுடுங்களேன்,” என்றாள். விட்டால் தெஹானி விளையாடாமல் இருந்துவிடுவாளா? சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன், கோல்கீப்பராகத் தண்ணீரில் அவள் போடும் சிவப்புத் தொப்பியை எடுத்து ஒளித்துவைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார். கையில் எடுத்தும் பார்த்தார். ஐம்பத்தேழு வயதில் தொப்பி திருடுவதா என்று திரும்ப வைத்துவிட்டார். வேறு தொப்பியா கிடைக்காது அவளுக்கு?

ஆட்டத்தின் முதல் பாதியில் தெஹானி ஏழு பந்துகளைத் தடுத்தாள். கலிபோர்னியாக் கோச் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். டேரல் தொண்டை கட்டக் கத்தினார். மூன்றாவது கால்பகுதியில் ஒரு பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பி அவள் பின்தலையில் விழுந்தது. பலமாகக்கூட இல்லை. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவள் மட்டும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்படியே கீழே நழுவினாள்.

வெண்டல் செருப்பும் கைபேசியுமாகக் குதித்தார்.

ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. எலும்பு சரி, இரத்தக்கசிவு இல்லை. ஆனால் வெளிச்சத்தைப் பார்த்தால் வாந்தி வந்தது. நாலு வரிக்கு மேல் படித்தால் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆசிரியர்கள் பாடங்களைக் குரலில் பதிந்து அனுப்பினார்கள்; அதையும் கேட்க முடியவில்லை. நாடகத்தில் அவள் வேடம் வேறொருத்திக்குப் போயிற்று.

ஏப்ரல் கடைசியில் டேரல் கார் நிறுத்துமிடத்தில் வெண்டலைப் பிடித்தார்.

“அன்னைக்கு நான் பேசினது...”

“விடு, டேரல்.”

“எப்பண்ணே சரியாகும்?”

“தெரியல.”

“டாக்டரும் அதையேதான் சொல்றாரு. இத்தனை வருஷம் இதையே பார்த்தவரு, உங்களுக்குக்கூடத் தெரியாதா?” காரின் கூரைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். “வீட்ல ஜன்னலெல்லாம் போர்வை கட்டிவச்சிருக்கேன். அவ உள்ள உட்கார்ந்திருக்கா, நான் வெளிய உட்கார்ந்திருக்கேன். வேற என்ன செய்யணும்? சொல்லுங்க, செய்றேன்.”

வெண்டல் காரின் மறுபக்கம் போய், தானும் கூரைமேல் கையை ஊன்றிக்கொண்டார்.

மே மாதம் தெஹானி நாளைக்கு ஒரு வகுப்புக்கு வரத் தொடங்கினாள். வகுப்பு முடிந்து அப்பா வரும்வரை இருக்க, பள்ளியில் ஜன்னல் இல்லாத அறை வெண்டலுடையது ஒன்றுதான். விளக்கை அணைத்துக் கட்டிலில் படுத்துக்கொள்வாள். அவர் மற்றப் பிள்ளைகளுக்குக் கட்டுப் போடும் மேசையை வெளி நடைபாதைக்கு மாற்றிக்கொண்டார்.

ஒருநாள் இருட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

“அங்கிள், அன்னைக்கு நான் பொய் சொன்னேன்.”

“தெரியும்மா.”

“அப்புறம் ஏன் நீங்க சத்தம் போட்டுச் சொல்லல? கத்தியிருக்கலாம்ல?”

வெண்டல் வாசலில் டேப் சுருளோடு நின்றார். கத்தியிருந்தால் நடந்தது மாறியிருக்குமா என்று அவரே பல நாள் கேட்டுப் பார்த்துவிட்டார். மாறியிருக்காது என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றியது. ஆனாலும் கத்தவில்லை என்பது அப்படியேதான் இருந்தது.

“எனக்குக் கத்த வராதும்மா,” என்றார்.

கலிபோர்னியாக் கல்லூரி ஒரு கடிதம் எழுதியது, குணமானதும் தொடர்புகொள்ளச் சொல்லி. அதன் பிறகு எழுதவில்லை. பதினொன்றாம் வகுப்பை அவள் மறுபடி படிக்கவேண்டும் என்று முடிவாயிற்று. அதுவும் முடியுமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடும் வாரத்தில் அவள் கேட்டாள் என்று வெண்டல் வேதியியல் புத்தகத்தைக் கைபேசி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். பாதி வார்த்தை அவர் வாயில் நுழையவில்லை. “அது அப்படி இல்ல, அங்கிள்,” என்று ஒருமுறை லேசாகச் சிரித்துத் திருத்தினாள். மூன்றாவது வரியில் கையைத் தூக்கினாள், போதும் என்று. அவர் வெளிச்சத்தை அணைத்தார். இருவரும் டேரலின் காருக்காகக் காத்திருந்தார்கள்.